செத்த ராஜாவுக்கு ஒரு சட்டை

என் கொழுந்தியாளை ஒரு தடவையாவது பயமுறுத்திவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவள் தையல்கடைக்காரி. ஞாயிறு மத்தியானம் புருஷனோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு விளையாட உட்காருவோம். கதை சொல்வது நான். என் மனைவியும் அவர்கள் இரண்டு பேரும் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். சண்டையோ சமாதானமோ, பகடை தீர்மானிக்கும்.

இதுவரை நான் கொண்டுவந்த பேய் பிசாசு ஒன்றிடமும் அவள் பயந்ததில்லை. போன வாரம் வெள்ளுடை மோகினியிடம் துணிக்கு என்ன நீலம் போடுகிறாய் என்று கேட்டாள். மோகினியோடு என் மூக்கும் உடைபட்டது. இந்த வாரமும் தங்கைக்குப் பயம் வரவில்லை என்றால் கதைசொல்லி நாற்காலி சகலைக்கு என்று என் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். சகலை நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் கதை சொன்னால் கிணற்றிலும் டிராகன், கொல்லையிலும் டிராகன். நானோ வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டு ரிப்பேர் பார்ப்பவன். என் பேச்சை மனிதர்கள் உட்கார்ந்து கேட்பது அந்த ஒரு மத்தியானம்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

ஆகவே மம்மியைக் கையில் எடுத்தேன். உடம்பெல்லாம் துணிப்பட்டை சுற்றிப் புதைத்த ராஜா, செத்தும் எழுந்து வருகிறவன். எங்கள் விளையாட்டில் கதை நடப்பதோ கடலுக்கடியில், வேஷம் கட்டும் எல்லாருக்கும் மீன்வால். அங்கே காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் எடுபடாது. புழுதி பறக்காது. தீப்பந்தம் காட்டி விரட்டவும் முடியாது. யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். தண்ணீரில் ஊறி அவன் பட்டைகள் அவிழ்ந்து, அவனுக்கு முன்னால் நீளமாக மிதந்து வரும். ஆள் கண்ணில் படுமுன்னே துணியின் நுனி வந்து உங்கள் கழுத்தைத் தடவும்.

இதைச் சொன்னதும் என் மனைவி காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். சகலை சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். கொழுந்தியாள் மட்டும், எந்தக் கதையிலும் தையல்காரியாகவே வருகிறவள், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இல்லாத துணியைத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஓரம் அடிக்கவே இல்லையே மாமா. பிரியாம என்ன செய்யும்? ராஜாவுக்கு அழகா ஒரு முழுக்கைச் சட்டை தைச்சுத் தரேன்னு சொல்லுங்க."

பகடை உருண்டது. அதுவும் அவள் கட்சி. கடலையே நடுங்கவைக்க வந்த என் ராஜா, கடலடிக் குகையில் அவள் வைத்திருந்த தையல்கடையில் கையை விரித்து நின்று அளவு கொடுத்தான். சகலை சிரித்துக்கொண்டே என் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதைக்குள் அவள் சட்டை தருவதாகச் சொன்ன நாளில் ராஜாவை அனுப்பினேன். சட்டை முடிந்துவிட்டதாம், பட்டனுக்குக் காஜா போடுவது மட்டும் பாக்கியாம், நாளைக்கு வரச் சொன்னாள். மறுநாள் மெஷின் பெல்ட் அறுந்திருந்தது. அதற்கு மறுநாள் காஜா போடுகிறவர் லீவு. ஒவ்வொரு தடவையும் பகடை அவளுக்கே விழுந்தது. செத்தும் எழுந்து வந்தவனுக்கே தண்ணி காட்டினாள். கடையில் தினமும் செய்கிற வேலைதானே, கை வந்த கலை.

சகலை எழுந்தே விட்டார், நாற்காலியை வாங்கிக்கொள்ள. நான் ராஜாவை இன்னொரு முறை கடைக்கு அனுப்பினேன். அவள் வாயெடுக்குமுன் குரலைத் தாழ்த்தி அவன் பேச்சைப் பேசினேன்.

"பரவால்லம்மா. நான் இங்கயே ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். நீங்க தைங்க."

அவள் பகடையை எடுத்தாள். உட்காருவதற்குப் பகடை எதற்கு என்றேன்.

நேரமாகும், பசிக்கும், போய்ச் சாப்பிட்டு வரட்டும் என்றாள். ராஜாவுக்குப் பசி கிடையாது என்றேன். தூக்கம்? அதுவும் கிடையாது. கடையைப் பூட்ட வேண்டுமே என்றாள். பூட்டிக்கொண்டு போகலாம், அவன் உள்ளேயே இருப்பான், காலையில் திறக்கும்போது அதே ஸ்டூலில் அவள் கையைப் பார்த்தபடி இருப்பான் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மேஜை விரிப்பின் நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அக்காவுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"மாமா, அவரை எந்திரிச்சுப் போகச் சொல்லுங்களேன். நான் இன்னும் துணியவே வெட்டல."

சகலை சத்தமில்லாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் அவசரப்படவில்லை.

"தெரியும்மா," என்றான் ராஜா. "இப்ப வெட்டுங்க. பாத்துட்டே இருக்கேன்."