சுரக்குடி வரைக்கும் முன்சீட்டு

“நாலு கதவு இருந்தா நாலு பக்கத்துலேருந்தும் ஏறுவாங்க. எனக்கு ரெண்டு கதவு போதுங்க.”

“ரெண்டு கதவு வண்டியில பின்னாடி எப்புடி ஏறுறது? முன்சீட்ட மடக்கி, குனிஞ்சு, எலிப்பொறிக்குள்ள போற மாதிரி போவணும்.”

“யாரு போவப் போறா? நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.”

“அண்ணன்?”

“பாத்தீங்களா, வந்துட்டாரு.”

“கால மடக்க முடியாத மனுஷன் விசாலம். அதோட அது கறுப்பு வண்டி. திருநள்ளாத்துக்குக் குளிக்க வந்தவன் விட்டுட்டுப் போனது. அங்கேருந்து ஒண்ணையும் வீட்டுக்குக் கொண்டாரக் கூடாதும்பாங்க.”

“அந்தப் பக்கத்துலேருந்துதான் உங்களக் கொண்டாந்தேன். இருபத்தாறு வருஷமா வச்சிக்கிட்டுதானே இருக்கேன்?”

1

மேலே இருப்பது பக்கத்து வீட்டில் கேட்ட சண்டை என்றுதான் முதலில் எழுதினேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகு வெட்கமாகிவிட்டது. சுவரின் அந்தப் பக்கம் காது வைத்தவர் நானில்லை, லூயி. இந்தப் பக்கம் சத்தம் போட்டது நானும் என் மனைவி விசாலாட்சியும்.

லூயி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்கால் தருமபுரத்தில் எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவர். மறுநாள் காலை பால் வாங்கும்போது பிடித்துக்கொண்டார்.

“சிவசு, நேத்து உங்க வீட்டுச் சண்டை நல்லா இருந்துச்சுப்பா. பாதியில கரண்ட் வந்துடுச்சு, எங்க வீட்டம்மா ஜோசெஃபின் டிவியப் போட்டுட்டா. முடிவு என்னாச்சு?”

முடிவு எதுவும் ஆகவில்லை. அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லாததால் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதையின் பிறப்பு இவ்வளவுதான்.

2

கதைக்கு எழுதி அடித்த தொடக்கங்கள்:

[நம் நாட்டில் இரண்டு கதவு கார்கள் ஏன் ஓடவில்லை என்று யோசித்தால், நம் குடும்ப அமைப்பே]

அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. நான் எழுத்தராக இருப்பதால் வரும் வியாதி.

[அந்தக் கறுப்பு வண்டி வேப்பமர நிழலில் ஒரு சிறுத்தையைப் போல]

சிறுத்தை இல்லை. அது அரசப்பன் கொட்டகையில் வைக்கோல் தூசியோடு நின்றது. அரசப்பன், திருநள்ளாற்றை ஒட்டிய என் சொந்த ஊர் சுரக்குடியில் பழைய வண்டி வாங்கி விற்கும் தரகர்.

[என் மனைவிக்கு ஆடம்பரத்தில் எப்போதும் ஒரு ஆசை]*

* இது பொய். கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் பொருள் இதுதான். – வி.

இந்த நட்சத்திரக் குறிப்பு என்னுடையது இல்லை. விசாலாட்சி நெடுங்காடு பள்ளியில் ஆசிரியை. நான் கதை எழுதிய நோட்டை மேசைமேல் விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறாள். தட்டச்சு செய்யும்போது அவள் எழுதியதையும் விடாமல் போடுகிறேன். போடாவிட்டால் என் வலைப்பதிவைப் படித்துவிட்டு அவளே பின்னூட்டம் எழுதுவாள்.

3

விசாலாட்சியை இந்தக் கதையில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் பிடிவாதக்காரியாக வந்தாள். இரண்டாம் வரைவில் அழுதாள்.*

* அழவில்லை. வெங்காயம். – வி.

நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பதினொரு வருடம் ஒரு பழைய நாலு கதவு வண்டி இருந்தது. போன மாதம்தான் விற்றோம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் விசாலாட்சி என் பக்கத்தில் முன்சீட்டில் ஏறுவாள். நேராக சுரக்குடி போய் அண்ணன் அம்பலவாணனை ஏற்றிக்கொள்வோம். அவர் வாசலுக்கு வருவதற்குள் இவள் இறங்கிப் பின்சீட்டுக்குப் போயிருப்பாள். யாரும் போகச் சொன்னதில்லை. எனக்கு மூத்தவர், முன்னால் உட்காருவார், அதுதானே முறை என்று இருந்துவிட்டேன். அண்ணன் வராத நாளில் வேறு யாராவது பெரியவர்கள்.

அன்றைக்குச் சண்டையில் அவள் சொன்னது இதுதான். இந்தப் பகுதியைத்தான் லூயி டிவி சத்தத்தில் தவறவிட்டார்.

“எனக்கு முன்சீட்டு சுரக்குடி வரைக்கும்தாங்க. அதுக்கப்புறம் உங்க பின்னந்தலையப் பாத்துக்கிட்டே வரணும்.”

பின்னந்தலையைத் தடவிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பிறகு மறுபடி எழுதினேன், ஏனென்றால் உண்மையிலேயே தடவிப் பார்த்தேன்.

ஆகவே கதையின் கேள்வி எளிது. ஷோரூமில் நான் பார்த்துவைத்திருக்கும் புதிய நாலு கதவு வெள்ளை வண்டி வாங்கினால் விசாலாட்சிக்குப் பழைய இடம். பழைய இரண்டு கதவு வண்டி வாங்கினால் அவளுக்குப் புது இடம். அண்ணனுக்கு என்ன இடம்? அவருக்கு ஆறு மாதம் முன்பு கால் எலும்பு உடைந்து தகடு வைத்திருக்கிறது. முட்டி மடங்காது. செவ்வாயும் வெள்ளியும் உடற்பயிற்சி வைத்தியத்துக்கு காரைக்கால் கூட்டி வர வேண்டும். இப்போது ஆட்டோவில் காலை வெளியே நீட்டிக்கொண்டு வருகிறார்.

4

(இந்தப் பகுதி முழுக்க அண்ணனைப் பற்றிய என் குறைகள். எடுத்துவிட்டேன். அவர் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார். ஆனாலும் எடுத்துவிட்டேன்.)

5

கார் விவரம் தேடி இந்தப் பதிவுக்கு வந்தவர்கள் இவ்வளவு நேரம் திட்டியிருப்பீர்கள். உங்களுக்காக.

கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், பின்னூட்டத்தில் கட்சி பிரித்துச் சண்டை போடுவீர்கள். நாலைந்து வருடத்துக்கு முன் வந்த சின்ன இரண்டு கதவு வண்டி. சுத்தமான கூப்பே கிடையாது என்று தெரியும். ஆனால் கூப்பே என்ற சொல்லையே எனக்குச் சொல்லித்தந்தவர் லூயிதான். “அது ரெண்டு பேருக்கான வண்டிப்பா. பின்னாடி இருக்கறது சீட்டு இல்ல, பை வைக்கிற எடம்” என்றார். அந்தக் கணக்கில் இது கூப்பேதான்.

பார்க்க அழகு. அதில் சந்தேகமில்லை. பக்கவாட்டில் ஒரே கதவு, நீளமாக, கோடு உடையாமல் போகிறது. பின்சீட்டை மடக்கினால் இரண்டு மூட்டை அரிசி வைக்கலாம். கதவு கனம், திறக்க அகலமாக இடம் வேண்டும். எங்கள் தெருவில் லூயி வீட்டுச் சுவரில் இடிக்கும். பழையது வாங்கினால் கதவைப் பாதி திறந்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கதவு தொங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கடல் காற்று உள்ள ஊரென்றால் கால்மிதியைத் தூக்கித் தரையில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டி கடலில்லாத ஊரில் ஓடியது, துரு இல்லை.

முக்கியமான ஒன்று: பின்சீட்டுக் கண்ணாடி இறங்காது. இதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பது அடுத்த பகுதி.

(திருநள்ளாறு விஷயம்: முதல் சொந்தக்காரர் சனிப்பெயர்ச்சிக்கு வந்தவர். குளத்தில் குளித்து, கட்டியிருந்த துணியை விட்டார். வண்டியையும் விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. அரசப்பனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போய்விட்டார். அரசப்பனைக் கேட்டேன். “அவங்க ஊருக்குத்தான் அது தோஷம். நமக்குச் சனி பகவான் பக்கத்து வீட்டுக்காரரு சார், பாத்து நடந்துக்குவாரு” என்றார்.)

6

போன ஞாயிறு ஓட்டிப் பார்க்கப் போனோம். இந்தப் பகுதியை மூன்று தரம் எழுதினேன். முதல் இரண்டிலும் நான் ஓட்டினேன். அது நடக்கவில்லை.

நாங்கள் வந்திருப்பது தெரிந்து அண்ணன் கைத்தடியோடு கொட்டகைக்கு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். இடப்பக்கக் கதவைத் திறந்தார். அது நீளமான கதவு என்று சொன்னேனல்லவா, சீட்டையும் நன்றாகப் பின்னுக்குத் தள்ள முடிகிறது. மடங்காத காலை அப்படியே உள்ளே விட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதத்தில் யாரும் பிடிக்காமல் அவர் ஒரு வண்டியில் ஏறியது அன்றைக்குத்தான்.

“அடேயப்பா, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே தம்பி!”

விசாலாட்சியைப் பார்த்தேன். அவள் வழக்கம்போலப் பின்னால் போகத் தயாராகப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள்.*

* தூக்கவில்லை. சும்மாதான் நின்றேன். இனிமேல் போக மாட்டேன் என்று தீர்மானித்துத்தான் வந்தேன். – வி.

நான் அரசப்பனிடம் சாவிக்குக் கை நீட்டினேன்.

“நீ ஓட்டுனா அவ எங்க உக்காருவா?” என்று உள்ளேயிருந்து அண்ணன் கேட்டார். “பொடவையக் கட்டிக்கிட்டு இந்தப் பொந்துக்குள்ள நொழையச் சொல்றியா? ஏம்மா விசாலம், ஒனக்கு லைசன்ஸ் இருக்குல்ல?”

“இருக்குங்க அத்தான். ரெண்டு வருஷமா பீரோவுல இருக்கு.”

“ஏன்?”

“ஒரு தடவ பாரதியார் ரோட்டுல ஓட்டுனேன். உங்க தம்பி போட்ட சத்தத்துல கடைக்காரங்க எல்லாம் எந்திரிச்சு நின்னாங்க.”

“இவனா? இவன் சைக்கிள் கத்துக்கறப்ப வாய்க்கால்ல ரெண்டு தடவ விழுந்தவன்மா. எடுங்கிறேன் வண்டிய!”

நான் பின்னால் ஏறினேன். ஓட்டுநர் சீட்டை மடக்கி, குனிந்து, எலிப்பொறிக்குள் போகிற மாதிரி. முட்டி தாடையில் இடித்தது. கண்ணாடியை இறக்கக் கைப்பிடி தேடினேன். இல்லை.

நெடுங்காடு சாலையில் போனோம். வாய்க்காலில் தண்ணீர் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. விசாலாட்சி முதல் இரண்டு திருப்பத்தில் தடுமாறினாள். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் திரும்பாமலேயே தடியைத் தூக்கிக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு நன்றாகவே ஓட்டினாள். அண்ணன் ஏதோ சொன்னார், அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். என்ன சொன்னார் என்று பின்னால் கேட்கவில்லை. “என்னண்ணே?” என்றேன். என் கேள்வி முன்னால் போய்ச் சேரவில்லை. அவள் தலையில் இவ்வளவு நரை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னாலிருந்துதான் தெரியும் போல.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை. வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அண்ணன் இறங்கினார். இவளும் இறங்கினாள். இரண்டு கதவும் சாத்திக்கொண்டன. “டீச்சர், காரா!” என்று கடைக்காரம்மா கத்துவது மெதுவாகக் கேட்டது.

முன்சீட்டை மடக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கதவுப் பிடிக்குக் கை எட்டவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். அவர்கள் அந்தப் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேர்த்துக் கொட்டியது. கோபத்தில் தட்டவில்லை, மறந்துவிட்டார்கள் என்பதை நம்பமுடியாமல் தட்டினேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

விசாலாட்சிதான் முதலில் திரும்பிப் பார்த்தாள். கையில் இரண்டு டம்ளரோடு ஓடிவந்து, ஒன்றை வண்டிக் கூரைமேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து சீட்டை மடக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்லியிருக்கக்கூடிய வசனம் ஒன்றை எழுதியும் வைத்திருந்தேன். அவள் சொன்னது இது:

“எறங்குங்க. டீ ஆறுது.”*

* திருத்தம் இல்லை. – வி.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

[அன்றே முன்பணம் கொடுத்தேன். “இது உன் வண்டி விசாலம்” என்றேன். அவள் கண்கள்]*

* இப்படி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. – வி.

[புதிய வண்டியே எடுத்தோம், நாலு கதவு, வெள்ளை. அண்ணன் தானாகவே பின்னால் ஏறினார்]

முட்டி மடங்காது. முடியாது.

[வண்டியே வேண்டாம் என்று]

இது கோழைத்தனம்.

உண்மை நிலவரம்: இன்றைக்கு புதன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் வைத்திருப்பேன் என்கிறார் அரசப்பன். புது வண்டிக்கும் அன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் மனது அந்த வெள்ளை வண்டியில்தான் இருக்கிறது. காரணம் சனியில்லை, கண்ணாடி இறங்காததும் இல்லை. கறுப்பு வண்டி வந்தால் செவ்வாயும் வெள்ளியும், அநேகமாக ஞாயிறும், என் இடம் எதுவென்று பார்த்துவிட்டேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்ததற்கே எனக்கு இவ்வளவு எழுதத் தோன்றியிருக்கிறது. இதை எழுதும்போது அவள் அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். பின்னால் உட்கார்ந்த பதினொரு வருடத்துக்கு அவள் ஒரு வரிதான் சொன்னாள், அதுவும் பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில்.

லூயி காலையில் மறுபடி கேட்டார். “முடிவு?” வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

அதனால் தயவுசெய்து வெள்ளி மதியத்துக்குள் பின்னூட்டம் போடுங்கள். புதுசா பழசா, வெள்ளையா கறுப்பா, ஒரு வார்த்தை போதும். ஆனால் உங்கள் கருத்தை உடனே எழுதிவிடாதீர்கள். உங்கள் வீட்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் யாரோ, அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எழுதுங்கள்.