பதினோராம் பக்கத்துச் சிவப்பு வட்டம்

எட்டாவது அட்டைப்பெட்டியையும் தலைகீழாகக் கவிழ்த்தாள் அவள். பழைய சுவரொட்டிகள் விழுந்தன, மை காய்ந்த பேனாக்கள் விழுந்தன. தேடிய பழுப்பு உறையை மட்டும் காணோம். சுவர்க் கடிகாரம் ஒன்றே கால் என்றது. மூன்று மணிக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

"என்னம்மா கத்திரி, பெருக்கி வச்ச ரூமை இப்படிக் குப்பைமேடாக்கிட்டே?" சட்ட உதவி மையத்தின் ஸ்டோர்காரர் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அண்ணே, திட்டுறதை நாளைக்கு மொத்தமா திட்டுங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிள்ளைங்க படிச்சுப் பார்த்தாங்களே ஏழு காப்பி, பழுப்புக் கவர்ல போட்டுக் குடுத்தேன். எங்க வச்சீங்க?"

"பரண்ல பாத்தியா?"

"பரண்லயா? யாராவது அங்க வைப்பாங்களா?"

"நீதானேம்மா பத்திரமா வைங்கன்னே. எலி ஏறாத இடம் அது ஒண்ணுதான்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போடுவதற்குள் அவள் அதில் ஏறிவிட்டாள்.

அந்தச் சட்ட உதவி மையத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இளம் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்கும் சட்டத்தைச் சின்னச் சின்னக் கையேடாக எழுதித் தருவது அவள் வேலை. முழ நீளச் சட்ட வாக்கியத்தை ஈவிரக்கமில்லாமல் நறுக்கி நாலு சொல்லில் நிறுத்துவாள். அதனால் கத்திரி. இத்தனை நாள் அந்தப் பட்டத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இன்று அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

அவள் கடைசியாக எழுதிய கையேட்டின் பதினோராம் பக்கம் இப்படிச் சொன்னது: 'உன் பணியாளரிடம் நீ சொல்வது உன் அனுமதியில்லாமல் வெளியே போகாது.'

அது பாதிச் சட்டம். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று காதில் விழுந்தால், பணியாளர் அன்றைக்கே அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். யார் அனுமதியும் தேவையில்லை. அந்த மீதிப் பாதியும் அச்சுக்கு முந்தைய பிரதியில் இருந்தது. வெட்டி எறிந்தவள் அவளேதான்.

அங்கே ஒரு வழக்கம். கையேடு அச்சுக்குப் போகுமுன் ஏழு பிள்ளைகளிடம் படிக்கக் கொடுப்பார்கள். புரியாத வரியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட வேண்டும். ஒரே வரியை மூன்று பேர் வட்டமிட்டால் தப்பு பிள்ளைகள்மேல் இல்லை, எழுதியவள்மேல். வரியைத் திருத்த வேண்டும், இல்லையேல் எடுக்க வேண்டும். விதியைப் போட்டதும் அவள்தான். அந்த மீதிப் பாதி வரிக்குச் சரியாக மூன்று பிரதிகளில் வட்டம். அச்சகத்துக்காரர் மணிக்கொரு தரம் போன் அடித்துக்கொண்டிருந்தார். திருத்த நேரமில்லை, எடுத்துவிட்டாள்.

கையேடு வெளிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. படித்துப் பார்த்த எழுவரில் ஒருத்தி, பதினாறு வயது, இளையோர் விடுதியில் தங்கியிருப்பவள். தாளின் மூலையைக் கொறித்துக்கொண்டே படிப்பதால் எல்லோருக்கும் அவள் சுண்டெலி. அவள் தன் விடுதிப் பணியாளரிடம் வாயைத் திறந்தாள். வீட்டில் எட்டு வயதுத் தம்பியை அப்பா பெல்ட்டால் அடிக்கிறார், அடித்த பிறகு பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார் என்றாள். பணியாளர் அன்று மாலையே தெரிவித்தார். தம்பியைக் குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

அப்பாவின் வக்கீல் கையேட்டைப் பிடித்துக்கொண்டார். 'வெளியே போகாது என்று பொய் வாக்கு கொடுத்துச் சிறுமியின் வாயைப் பிடுங்கியிருக்கிறார்கள். இந்த வாக்குமூலம் செல்லாது. பையனை இன்றே வீட்டுக்கு அனுப்புங்கள்.'

பையனின் உடம்பில் காயத்தழும்பு இருந்தது. படியில் விழுந்தான் என்று அம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது அக்காவின் சொல் ஒன்றுதான். இன்று மூன்று மணிக்கு அதுவும் போனால் அந்தப் பிள்ளை மறுபடி பீரோவுக்குள்.

உறை கிடைத்தது. தூசி தட்டக்கூட நிற்கவில்லை அவள். ஆட்டோவில் போகும்போதே பிரித்தாள். சுண்டெலி அந்த வரியைப் படித்திருந்தாள், சொன்னால் வெளியே போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள் என்பதற்கு அவளுடைய பிரதிதான் சாட்சி. மூலை கொறித்த பிரதி, அவளுடையது. பதினோராம் பக்கம். அந்த வரி இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் இருந்தது.

கத்திரி அந்தப் பக்கத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள். வட்டம் என்றால் சுண்டெலிக்குப் புரியவில்லை என்று அர்த்தம். புரியாத வரியைப் படித்தென்ன, படிக்காமல் விட்டென்ன? வக்கீல் கையில் தானே ஆயுதத்தை எடுத்துக் கொடுத்த கதையாகப் போகும்.

மற்ற இரண்டு வட்டங்களையும் பார்த்தாள். மூன்றுமே முடிகிற இடத்தில் குட்டியாக ஒரு வால். பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் போட்டிருப்பார்கள் என்று நினைத்து மூடி வைத்தாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் விடுதிப் பணியாளர், பக்கத்தில் சுண்டெலி. எதிர்ப் பெஞ்சில் அம்மா. ஞாயிறு தவறாமல் விடுதிக்கு வந்து, மகளின் அலமாரியில் இருக்கும் துண்டுச் சீட்டு முதற்கொண்டு படித்துவிட்டுப் போகிறவள். இன்று மகள் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

"தம்பி சாப்பிடறானாக்கா?" சுண்டெலி பணியாளரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடறானாம். லைட்டை மட்டும் அணைக்க விடமாட்டேங்கறானாம்."

கத்திரி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "என் தப்பும்மா. அந்த வரியை நான் எடுத்திருக்கக் கூடாது. உன்னை ஏமாத்திட்டேன்."

"நீங்க ஒண்ணும் ஏமாத்தலக்கா." அவள் தன் நகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

உள்ளே பத்துப் பேர் உட்காரும் அறை. மூக்குக் கண்ணாடி அணிந்த நீதிபதி அம்மாள். உறையை மடியிலேயே வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் கத்திரிக்கு ஒரு நிமிடம் வந்தது. எழுந்து கொடுத்துவிட்டாள்.

வக்கீல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க, புரியலைன்னு பொண்ணே வட்டம் போட்டிருக்கு. நான் சொல்ல வேண்டியதை இவங்களே கொண்டுவந்து குடுத்துட்டாங்க."

நீதிபதி சுண்டெலியை அருகில் அழைத்தார். "இப்படி வாம்மா. அக்காகிட்ட சொன்னா வெளியே போகும்னு தெரிஞ்சே சொல்லியிருந்தா, உன் வாக்குமூலம் நிக்கும். தெரியாம சொல்லியிருந்தா நான் வேற மாதிரிதான் யோசிக்கணும். அம்மாவை வெளிய அனுப்பிட்டுப் பேசலாமா?"

சுண்டெலி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாக அம்மாவும் பார்த்தாள்.

"வேணாம். அம்மா இருக்கட்டும்."

"இந்த வரி உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்புறம் ஏன் வட்டம்?"

"புக்குல அது இருக்கக் கூடாதுன்னு." நகத்தைச் சுரண்டிக்கொண்டே தொடர்ந்தாள். "அம்மா எல்லாத்தையும் படிப்பாங்க. அந்த வரி இருந்தா, தெரிஞ்சேதான் அப்பாவை மாட்டிவிட்டேன்னு என்னைப் பாக்கக்கூட வரமாட்டாங்க. இல்லைன்னா, எனக்குத் தெரியாதும்மா, யார்கிட்டயும் போகாதுன்னுதான் புக்குல போட்டிருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். புக்கு வர வரைக்கும் காத்திருந்தேன். அதுவரைக்கும் தம்பி..."

அம்மாவின் கை முந்தானையோடு வாயில் போய் நின்றது.

கத்திரி எழுந்தே விட்டாள். "மூணு பேர் வட்டம் போட்டாத்தானேம்மா நான் எடுப்பேன்? மத்த ரெண்டு பேர்..."

"முதல் நாளே அந்த விதியைச் சொன்னீங்களேக்கா." சுண்டெலி அவளைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லார்கிட்டயும் காப்பியைத் திரும்ப வாங்கி உங்க மேஜையில வச்சது நான்தான். மத்த ரெண்டு வட்டத்தையும் நானேதான் போட்டேன்."