பதினோராவது பாட்டும் புது ஜன்னலும்

பாட்டுக்காரர் வீட்டுக் கூடத்து ஜன்னல், அதைப் பற்றி அவர் எழுதிய பாட்டை வேறொருவன் பாடிப் பதிவு செய்த அன்று பிற்பகல், சுவரை விட்டுப் போய்விட்டது. சத்தம் கேட்கவில்லை, தூசி விழவில்லை. ஜன்னல் இருந்த இடத்தில் ஒழுங்காகப் பூசிய சுவர், பக்கத்துச் சுவரின் அதே பழைய அழுக்கோடு நின்றது. அவருடைய மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தாள், இருட்டாக இருக்கிறதே என்று விளக்கைப் போட்டாள். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தொலைபேசி எடுப்பவள் அவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதையும், குழாயில் மீன் வருகிறது என்பதையும் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டு, ஆள் அனுப்புகிறோம் என்று ஒரே குரலில் சொல்லிப் பழகியவள். ஆச்சரியப்படுவதை அவள் எப்போதோ கைவிட்டிருந்தாள். அதோடு வேறு சிலதும் போயிருந்தன, என்னென்ன என்று அவளும் தேடிப் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் ஒரு ட்ரிப்யூட் ஆல்பம், அதாவது பாட்டாலே ஓர் அஞ்சலி. பாட்டுக்காரரின் பதினொரு பாட்டுகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகப் பதினொரு பேர் பாடுவது என்று ஏற்பாடு. தயாரிப்பாளருக்குத் தாடிதான் முகமாக இருந்ததால் எல்லோரும் அவனைத் தாடி என்றே கூப்பிட்டார்கள். அவன் துக்கமான முகத்தோடு விதவையிடம் அனுமதி கேட்க வந்தபோது கதவைத் திறந்தவர் பாட்டுக்காரர். "சார், நீங்க இன்னும்..." என்று ஆரம்பித்தவனுக்கு அந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியவில்லை. "இருக்கேன். உள்ள வாங்க," என்றார் அவர். பாட்டு எழுதி வருஷக்கணக்காகியிருந்தது. பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னால் ஆட்டுவதுபோல் தலையை ஆட்டி அனுமதி கொடுத்தார்.

போன ஜன்னல், அதைப் பாடிய ராப் பையனின் வாடகை அறையில் இருந்தது. கண்ணாடியிலிருந்த விரிசல்கூட மாறவில்லை. அவன் அறை நான்காவது மாடி. ஆனால் ஜன்னலைத் திறந்தால் தரைமட்டத்தில் பாட்டுக்காரரின் தெருதான் தெரிந்தது. எதிர்ச்சாரியின் மருந்துக்கடை தெரிந்தது, கல்லாவில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் கடைக்காரம்மாவும் தெரிந்தார். வீட்டு ஓனர் காற்றோட்டம் கூடிவிட்டதென்று வாடகையை ஏற்றினார். அடுத்தது மழைப் பாட்டு. ஒரு ராக் குழு அதைப் பாடி முடித்ததிலிருந்து பாட்டுக்காரர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சொட்டு விழவில்லை, ராக் குழு பயிற்சி செய்யும் கூடத்தில் மாலை தவறாமல் பெய்தது. குழுவினர் குடிநீர் வாரியத்துக்குத்தான் போன் செய்தார்கள். "தண்ணி வரலைன்னாத்தான் இங்க, வந்தா இங்க இல்லைங்க," என்று அவள் சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகு கை உடைந்த நாற்காலி, மாடிப்படி விளக்கு, சுவர்க் கடிகாரம், ராத்திரியில் குரைக்கும் தெருநாய் எல்லாம் அதது தன்னைப் பாடியவரைத் தேடிப் போய்ச் சேர்ந்தன. நாயைப் பாடியது ஒரு பள்ளிக்கூடத்துச் சேர்ந்திசைக் குழு. அது பிரார்த்தனை நேரத்தில் வரிசையில் ஒழுங்காக நின்றதாகத் தலைமையாசிரியர் பாராட்டினார்.

பாட்டுக்காரருக்கு எல்லாப் பாட்டிலும் 'நான்' என்று போடும் பழக்கம் இருந்தது. ஆகவே ஒவ்வொரு பதிவின்போதும் அவரும் கொஞ்சம் போனார். இருமல் ஒருவரோடு போயிற்று, சீட்டியடிப்பது ஒருவரோடு, மத்தியானத் தூக்கம் ஒரு விளம்பரப் பாடகியோடு. பத்துப் பாட்டு முடிந்தபோது ஹாங்கரில் மாட்டிய சட்டை அளவுக்குத்தான் மிச்சம் இருந்தார். மனைவி வழக்கம்போல் டீ கொடுத்தாள், அவர் வழக்கம்போல் ஆறவிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

மிச்சமிருந்தது பதினோராவது பாட்டு. படிக்கட்டில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது; அவருடைய பாட்டுகளிலேயே அதுதான் உச்சம். அந்தப் பெண் அவர் மனைவிதான் என்று ஊர் முழுக்கத் தெரியும். வாரியத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவளைக் காட்டி, "அந்தப் பாட்டு இவங்களைத்தான்" என்று சொல்வார்கள். அவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, அப்படியா என்பார்கள். பாட்டுப் பெண்ணின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அவளுக்கு இல்லை. கல்யாணமான புதிதில் கேட்டதற்கு, "பாட்டுன்னா ஒரு தழும்பு வேணும்," என்றார் பாட்டுக்காரர். தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவளுடைய தங்கை போன் செய்தாள். "அக்கா, அப்போ கடைசிப் பாட்டுக்கு உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?"

"போவாங்கபோலதான்டி. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

"அய்யோ, என்னக்கா பஸ்ஸுக்குப் போற மாதிரி சொல்ற! பயமா இல்லியா?"

"பாடப்போற பொண்ணு வீட்ல லிஃப்ட் இருக்காம்."

பயத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று: ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்தப் படிக்கட்டில் நின்றது தான்தானா? ஆயுளில் பாதியை அந்தப் பாட்டின் பெயரில்தான் ஓட்டியிருந்தாள்.

தாடியும் மோசமான ஆள் இல்லை. பதிவுக்கு முன்னால் நேரிலேயே வந்தான். "அம்மா, இந்தப் பாட்டு உங்களைப் பத்தினது. வேணாம்னா விட்டுடலாம். பத்துப் பாட்டோட ஆல்பத்தை முடிச்சுக்கறேன்."

அப்போது, மாதக்கணக்கில் வாய் திறக்காத பாட்டுக்காரர், "விட்டுடுங்க, விட்டுடுங்க," என்றார். மிச்சமிருந்த குரல் அதிலேயே பாதி தீர்ந்திருக்கும்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ஜன்னல் போனபோது, மழை போனபோது, தன் இருமலே போனபோதுகூட இந்த மனுஷர் இவ்வளவு அவசரப்படவில்லை. தன்மேல் இருக்கும் பாசத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் புகார்ப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு, எந்தக் குரல் எதற்குப் பதறுகிறது என்று தெரியும்.

"ஏங்க, நான்தான் ரெடியா இருக்கேனே," என்றாள். பிறகு தாடியிடம், "நீங்க பண்ணுங்க தம்பி."

பதிவு நாளன்று லீவு போட்டாள். நல்ல உடையாக ஒன்றை உடுத்திக்கொண்டு, பெட்டியைப் பக்கத்தில் வைத்து, நாற்காலி போய்விட்டதால் தரையில் உட்கார்ந்தாள். பாட்டுக்காரர் எதிரே சுவரில் சாய்ந்திருந்தார். காஸ் சிலிண்டர்காரர் வந்தார், வாங்கி வைத்தாள். அவள் திரும்பவும் வந்து உட்கார்ந்தபோது எதிர்ச்சுவரில் யாரும் இல்லை. தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள், இருந்தன. பெட்டியும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவில் கூச்சல் கேட்டது. பார்க்க ஜன்னல் இல்லாததால் கதவைத் திறந்து போனாள். மருந்துக்கடை வாசலில் ஒருவர், "இருமல் மருந்தை எடுத்து நீட்டினாங்க சார், பாட்டில் இருக்கு, ஆளைக் காணோம்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்காரம்மாவிடம் இவள் எத்தனையோ முறை மாத்திரை வாங்கியிருக்கிறாள். இடது புருவத்தில் தழும்பு உண்டு. பார்த்திருக்கிறாள், மாத்திரையின் காலாவதித் தேதியைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்த துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அழுகை வந்தால் அழலாம் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அது வேறு யாரிடமாவது போயிருக்க வேண்டும்.

ஆல்பம் நன்றாகப் போயிற்று. போன்கள் வர ஆரம்பித்தன. இருமலை வைத்திருந்தவர் அதற்கு என்ன மருந்து என்று கேட்டார். மத்தியானத் தூக்கம் வாய்த்த விளம்பரப் பாடகி, நான்கு மணிக்குமேல் எழுப்பலாமா என்று கேட்டாள். "எழுப்பாதீங்க, எரிச்சல்படுவார்," என்றாள் இவள். எல்லோருக்கும் வாரியத்துக் குரலிலேயே பதில் சொன்னாள். கடைசியாகப் பேசியவள் பதினோராவது பாட்டின் பாடகி. "அம்மா, எங்க மாடிப்படியில ரெண்டு பேர் நிக்கறாங்க. லிஃப்ட்ல ஏறச் சொன்னாலும் ஏற மாட்டேங்கறாங்க. டீ போடட்டுமா? சர்க்கரை எவ்வளவு?"

"அவருக்குச் சர்க்கரை வேணாம். குடிக்க மாட்டார், ஆறவிடுவார், கண்டுக்காதீங்க," என்றாள். பிறகு, "அந்தம்மாவுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்களே கேட்டுக்குங்க."

வீட்டில் பிறகு மிஞ்சியவை அவர் எதிலும் எழுதாதவை மட்டுமே: குக்கர், துணி காயப்போடும் கொடி, ஒரு கால் ஆடும் மேஜை, அவள். எதுவும் அதன்பின் காணாமல் போகவில்லை. அடுத்த மாதம் கொத்தனாரை வரச்சொன்னாள். அவர் கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, ஜன்னல் முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிடலாமா என்று கேட்டார். "வேணாங்க, அடுப்புப் பக்கம் வைங்க," என்றாள். அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு குழாயும் தெரிகின்றன. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. அதைப் பற்றி யாரும் பாட்டு எழுதவில்லை. ஜன்னல் இன்றுவரை அங்கேயே இருக்கிறது.