ஆறு தெரிந்த முகவரி

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சௌந்தர்யா ஒருத்திதான். கம்பெனிக்குச் சொந்தமான இணைய முகவரிகள் அத்தனையும் தெரிந்தாக வேண்டும் என்று ஜெர்மனியில் சரக்கு எடுப்பவர்கள் கேட்டிருந்தார்கள். மறந்துபோன முகவரி வழியாகத்தான் திருடன் உள்ளே வருவானாம்.

"நமக்கு ஒண்ணுதானேம்மா?" என்றார் மேனேஜர் சமீருல்லா.

"தேடிப் பாத்துட்டு சொல்றேன் சார்."

முகவரிகளைப் பதிவு செய்யக் கம்பெனி கொடுத்திருந்த மின்னஞ்சலை வைத்துத் தேடினாள். இணையதளங்களுக்குத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ்களின் பொதுப் பதிவுகளைத் துழாவினாள். ஏதோ கண்காட்சிக்கு வாங்கிய முகவரி வந்தது. எழுத்துப்பிழையோடு வாங்கி, அப்படியே விட்டுவிட்ட இன்னொன்று வந்தது. கடைசியில், கம்பெனி பெயரே இல்லாத ஒன்று. திறந்தால் ஒரு படம் மட்டும். வெயிலில் விரிந்து கிடக்கும் மணல், அக்கரையில் பனைமரங்கள். சற்றுப் பொறுத்துப் படம் தானாக மாறியது. அதே மணல், நடுவில் ஒரு வெள்ளாடு.

மூட மனம் வரவில்லை. திரையின் மூலையில் அதைத் திறந்தே வைத்திருந்தாள். பசை வாடை அடிக்கும் அந்த அறையில், மேக நிழல் மணலைக் கடப்பதைப் பார்த்தபோது, ஆட்டின் பின்னால் தானும் நடந்து போவது போலிருந்தது.

பதிவு செய்தவர் பெயர் சோபனா. கீழ்த்தளத்தில் தோல் சோதிக்கும் லேபில் வேலை செய்பவள்.

"அது இன்னும் ஓடுதா?" சோபனா கையுறையைக் கழற்றினாள். "நம்ம ராணிப்பேட்டை தோல் யூனிட்ல இருந்தப்ப போட்டது. சுத்தம் பண்ணின கழிவுத் தண்ணி வெளிய போற குழாயைப் பாக்கத்தான் கேமரா. காத்துல ஆத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. நான் சரி பண்ணல."

"ஏங்க்கா?"

"நல்லா இருந்துச்சு."

யூனிட்டை மூடிய பிறகும், வாட்ச்மேன் அறையின் மின்சாரத்தில் கேமரா மட்டும் விழித்திருந்தது.

"யாரும் பாக்காத கதவு. பேஜாரு. மூடிடும்மா," என்றார் விஷயத்தைக் கேட்ட சமீருல்லா, அவள் மேசைக்கு வந்து. அதுதான் சரி என்று சௌந்தர்யாவுக்கும் தெரியும். மவுஸில் கை வைத்தாள். படம் மாறியது. மணலின் நடுவே கருத்த கோடு. அடுத்த படத்தில் அது மின்னியது.

"தண்ணியா அது?" சமீருல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆந்திரா பக்கம் மழை பெய்திருந்தது. கோடு மெல்ல அகலமாகி, பனைகளைத் தலைகீழாக ஏந்திக்கொண்டது.

"தண்ணி போற வரைக்கும் இருக்கட்டும்," என்றார் கடைசியில்.

"பாஸ்வேர்ட் போட்டு வெச்சிடறேன் சார்."

தண்ணீர் கணுக்காலளவுக்கு வற்றியதும், கேமராவைக் கழற்ற சௌந்தர்யாவும் சோபனாவும் ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறினார்கள். அங்கே வாட்ச்மேன் ஏணி எடுக்கப் போனார். சோபனா செருப்பைக் கரையில் விட்டுவிட்டு ஆற்றில் இறங்கினாள். நடுவில் வெகுநேரம் அசையாமல் நின்றாள். பிறகு திரும்பி வந்து புடவை ஓரத்தைப் பிழிந்தாள்.

எப்போதும் சற்றுப் பிந்தியே வந்து சேரும் படம், சௌந்தர்யாவின் போனில் அப்போதுதான் மாறியது. அதில் சோபனா இன்னும் ஆற்றுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"பாருங்கக்கா."

சோபனா போனை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"யாரோ மாதிரி இருக்குது," என்றாள். "சரி, கழட்டிடலாம்."