ஏறாத மாடி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வீணாவின் புளுகு பத்து வாரம் ஓடிவிட்டது, அதுவும் தடுக்கி விழாமல். இத்தனைக்கும் அவள் கெட்டவள் இல்லை. பெங்களூர் ஜோகுபாளையத்துச் சந்துகளில் இருபத்தாறு வீடுகள் அவள் பொறுப்பு. குறைமாதத்தில் பிறந்தது, கழுத்து நிற்காதது, கூப்பிட்டால் திரும்பாதது என்று மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீடுகள். வாரம் ஒருமுறை போய்த் தரையில் உட்கார வேண்டும். வீட்டிலிருக்கிற டம்ளரையும் மூடியையும் வைத்தே பிள்ளையை எப்படி உட்கார வைப்பது, எப்படி எட்டிப் பிடிக்க வைப்பது என்று தாய்க்குக் காட்டித்தர வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அலைய வழியில்லாதவர்களுக்காக ஒரு டிரஸ்ட் நடத்துகிற வேலை அது. இருபத்தைந்து வீடுகளுக்கு அவள் ஒழுங்காகத்தான் போய்வந்தாள்.

இருபத்தாறாவது வீடு வேதநாயகியுடையது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, அன்றைய கடைசி வீடு. சந்தின் கோடியில் மூன்றாவது மாடி. ஏணி போல நெட்டுக்குத்தாக இரும்புப் படி, கால் வைத்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி அதிரும். வேதநாயகிக்குக் காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. கணவன் விட்டுப்போய் ஒரு வருஷம். மகள் ஆஷ்லிக்கு இரண்டே கால் வயதாகியும் உட்கார வைத்தால் துணிமூட்டை போலச் சரிந்தாள். மூன்று வயதுக்குள் பிடித்தால்தான் பிடித்தது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

முதல் வாரம் வீணா போனாள். இரண்டாவது வாரம் மழை, முழங்கால் வலி, அடுகோடி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். படியின் அடியில் நின்றபடியே டிரஸ்ட் கொடுத்த டேப்லெட்டில் ‘போனேன்’ என்று எழுதினாள். ஒரு வாரம்தானே! அப்புறம் படியின் அடிக்குக்கூடப் போகவில்லை. போகாத வீட்டுக்கு முன்னேற்றம் மட்டும் வாராவாரம் வளர்ந்தது. ஆஷ்லி சாய்ந்து உட்கார்ந்தாள், பிறகு சாயாமல் உட்கார்ந்தாள், டிரங்குப் பெட்டியைப் பிடித்து நின்றாள், ஒன்பதாவது வாரம் ஐந்து அடி நடந்தாள். எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிசைதான்.

நடக்க ஆரம்பித்த பிள்ளையை ஆபீஸிலிருந்து பார்க்க வந்துவிடுவார்களே என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரம் தொடர்ந்து வீடு பூட்டியிருந்தால் ஃபைலை மூடிவிடலாம் என்பது விதி. எனவே பத்தாவது வாரமும் பதினோராவது வாரமும் ‘வீடு பூட்டு’. சந்துக்குள் சிக்னல் கிடைக்காது என்று, விசிட் போகும் பெண்கள் எல்லோருமே வாரம் முழுவதையும் திங்கட்கிழமை காலையிலேயே எழுதிவைத்துவிடுவார்கள். போய்வந்தபின் திருத்தி அனுப்புவார்கள். திருத்த ஒன்றுமில்லாத வீட்டை எதற்குக் காக்க வைப்பது? பன்னிரண்டாவது செவ்வாயை அவள் திங்களன்றே எழுதி அனுப்பியும்விட்டாள். ‘வீடு பூட்டு. குடும்பம் இங்கே இல்லை. எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.’

அன்று மத்தியானம் சூபர்வைசர் ஜெயலக்ஷ்மி போன் செய்தாள்.

“வீணா, ஆஷ்லி கேஸ் எவ்ளோ நன்னா இம்ப்ரூவ் ஆயிண்டிருந்தது! ரெண்டு வாரமா பூட்டுன்னு போட்டிருக்கியே, என்னாச்சு? நாளைக்கு நானும் உன்கூட வரேன்.”

வேதநாயகியின் காலில் கையில் விழுந்தாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்று வீணா ஓடினாள். முழங்கால் வலியெல்லாம் அன்றைக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

கதவைத் திறந்த வேதநாயகி சிரித்தாள்.

“இன்னா மேடம், திங்கக்கெழமையே வந்துட்டீங்க? நாளைக்குத்தானே உங்க டர்ன்?”

கேலி செய்கிறாள் என்றுதான் வீணா நினைத்தாள். அதற்குள் வேதநாயகிக்குப் பின்னாலிருந்து ஆஷ்லி வந்தாள். பெட்டியை விட்டுவிட்டு, கைகளை அகட்டிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவது அடியில் நின்றாள். ஆறாவது வைக்கவில்லை.

“பாத்தீங்களா! நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே டெய்லி செய்யறேன். அஞ்சுக்கு மேல மட்டும் வெக்க மாட்டேங்குறா.”

“நான்... எப்ப சொல்லிக்குடுத்தேன்?”

“வாரா வாரம் வந்துனுதானே இருந்தீங்க? ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க மேடம். ஒரு டம்ளர் தண்ணிகூடத் தொட மாட்டீங்க. யாரு வந்தாலும் இந்தப் படி கீழ்வீடு வரைக்கும் கேக்கும், நீங்க ஏறினா மட்டும் சத்தமே வராது.”

ஆஷ்லி வீணாவைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டி, வாசலில் யாருக்காகவோ காத்திருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீணாவும் திரும்பிப் பார்த்தாள். வெறும் படிதான் இருந்தது.

சுவரில் டிரஸ்ட் கொடுத்த அட்டை தொங்கியது. போகிற ஒவ்வொரு முறையும் விசிட் வருபவள் தன் கையால் ஒரு வரி எழுத வேண்டிய அட்டை. பன்னிரண்டு வரிகள் நிரம்பியிருந்தன. வீணாவின் கையெழுத்தேதான், அந்தச் சாய்வு, அந்தக் கோணல் ‘ழ’ எல்லாம். டேப்பில் எழுதியதற்கு ஓர் எழுத்துக்கூட மாற்றமில்லை.

“போன ரெண்டு செவ்வாக்கெழமதான் மேடம் ஒரே பேஜாரு,” என்றாள் வேதநாயகி, குரலைத் தாழ்த்தி. “கரெக்டா நாலு மணிக்குக் கதவு வெளிய பூட்டிக்கிச்சு. பூட்டு உள்ள ஆணியில தொங்குது, சாவி என் இடுப்புல இருக்குது! தட்டறேன், கத்தறேன், ஒருத்தருக்கும் கேக்கல. அஞ்சு மணிக்குத் தானா தொறந்துக்கிச்சு. ரெண்டாவது வாட்டி ஜன்னல்ல வெளிச்சமே இல்ல. வெளிய தெருவே இல்லாத மாதிரி இருந்துச்சு.”

அட்டையின் கடைசி வரியில் நாளைய தேதி இருந்தது. குடும்பம் இங்கே இல்லை. எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. வேதநாயகிக்குத் தமிழ் படிக்க வராது, கன்னடப் பள்ளியில் படித்தவள். அது ஒன்றுதான் நல்லகாலம்.

வீணா படியிலேயே உட்கார்ந்து டேப்பைத் திறந்தாள். சிக்னல் இருந்தது, திருத்தத்தான் விடவில்லை. அனுப்பிவிட்டதை ஆபீஸால்தான் மாற்ற முடியும். நாளைக்கு நாலு மணிக்கு அந்த இரண்டு பேரும் எங்கே இருப்பார்கள்? நினைக்கவே பயமாக இருந்தது. ஆட்டோ பிடித்துப் பிரேசர் டவுனில் இருந்த ஆபீஸுக்குப் போனாள்.

பேய்க்கதையை எந்தச் சூபர்வைசர் நம்புவாள்? வீணா பொய்யை மட்டும் ஒப்புக்கொண்டாள். பத்து வாரமும் போகவில்லை என்றாள். ஜெயலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“நாளைக்கு எழுதினத மட்டும் எடுத்துடுங்க மேடம், ப்ளீஸ்.”

“ஒண்ணு பொய்னா எது நெஜம்னு நான் எப்படி நம்பறது? அத்தனையும் கேன்சல். அதான் ரூல்.”

அத்தனையும் என்றால் உட்கார்ந்தது, நின்றது, நடந்தது எல்லாமும்தான். ஜெயலக்ஷ்மிக்கு அது தெரியாது, வீணாவுக்குத் தெரியும். ஜெயலக்ஷ்மி அழிக்க அழிக்க, திரையில் வரிகள் கீழிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. நாளை போயிற்று. இரண்டு பூட்டுகளும் போயின. ஐந்து அடி நடந்த வரி வந்தபோது வீணாவின் கை தன்னையறியாமல் திரையை மறைத்தது.

“என்ன?”

விட்டுவைத்தால் ஆஷ்லி நடப்பாள். ஆனால் அந்தச் சத்தமில்லாத எவளோ ஒருத்தி, வீணாவின் முகத்தோடு, இனியும் வாராவாரம் அங்கே போய்வருவாள். நாளைக்கு அவள் என்ன எழுதுவாள் என்று யார் கண்டது? வீணா கையை எடுத்தாள். அழுதாள். வேலை போகிறதே என்று அழுகிறாள் என ஜெயலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நான் வரலை. நீயே போய் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து நெஜத்தச் சொல்லு. வேற ஆள் கெடைக்கறவரைக்கும் நீதான் போகணும்.”

மறுநாள் நாலு மணிக்கு வீணா ஒவ்வொரு படியாக ஏறினாள். கீழ்வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்கு இரும்பு அதிர்ந்தது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பாயில் ஆஷ்லி மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வாரிப் பொட்டு வைத்து, கழுத்தெல்லாம் பவுடர்.

வேதநாயகி அவளை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நேற்று வீணா வந்து நின்றதுகூட அவள் நினைவில் இல்லை.

“மேடமா? ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போனீங்க. செவ்வாக்கெழமயானா பாப்பாவுக்கு டிரெஸ் மாத்திட்டு வாசலையே பாத்துக்கினு ஒக்காந்திருப்பேன். பத்து வாரம் மேடம். இன்னைக்கும் வர மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்.”

“நான் வரல அக்கா. வந்தேன்னு பொய் எழுதினேன்.”

வேதநாயகி திட்டவில்லை. திட்டியிருந்தால் வீணாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு அவள் குனிந்து பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தாள். ஆஷ்லி ஒருபக்கமாகச் சரிந்தாள்.

“மூணு வயசாவறதுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குது,” என்றாள் வேதநாயகி, வீணாவின் முகத்தைப் பார்க்காமலே. “ஒக்காருங்க. மொதல்ல இருந்து காட்டிக்குடுங்க.”