கைநாட்டு வாங்க வந்த நாள்

எழுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், களத்தில் நெல் அடித்துக்கொண்டிருந்த வீரையனுக்குத் திடீரென்று இடப்பக்கம் விழுந்துவிட்டது. கும்பகோணம் ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் வைத்திருந்தார்கள். பிறகு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி செத்து ஆறு வருஷமாகியிருந்தது. மகன் ரெத்தினம் தஞ்சாவூரில் ஒரு ஆபீசில் பியூன். வாடகை வீடு, ஒரே அறை, மனைவிக்கு வாடை ஒத்துக்கொள்ளாது என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டான். குடவாசலுக்குத் தெற்கே அவர்கள் ஊரிலேயே கட்டிக் கொடுத்திருந்த மகள் அம்சம்தான் அவரை மாட்டு வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

முதல் மாதம் வீட்டுக்குள்தான் கிடந்தார். அம்சத்தின் புருஷன் காத்தான் நல்லவன், குடிப்பதில்லை, அடிப்பதில்லை. ஆனால் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து இரண்டு வாய் தின்பதற்குள் எழுந்து போய்விடுவான். சித்திரையில் ஒருநாள் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தைத் தட்டி வைத்து மறைத்து, கயிற்றுக் கட்டிலை அங்கே போட்டான். அம்சம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். சொல்லாததற்குத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அவளும் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

யூரியா சாக்கைப் பிரித்துக் கட்டிலில் விரித்து, அதன்மேல் பழைய புடவையைப் போடுவாள். விடிந்ததும் முதல் வேலை அந்தப் புடவையை உருவுவது. சாம்பலைத் தூவி வழித்து, தென்னை மட்டையில் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்துவிட்டு, வாய்க்காலில் துணியை அலசுவாள். அவள் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே மற்ற பெண்கள் மேல்படித்துறைக்கு நகர்ந்துவிடுவார்கள். நடவுக்குப் போன நாட்களில் மத்தியானம் ஓடி வருவாள். சில நாள் அவர் வலது கையால் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில் சட்டத்திலும் தன் மாரிலும் பூசி வைத்திருப்பார். அவள் கழுவிவிடும்போது அந்தக் கையாலேயே அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். வாய் கோணியிருந்ததால் வார்த்தை குழறும். ஆனாலும் அவளுக்குப் புரியும்.

ஆவணியில் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் கண்டது. கம்பவுண்டர் பொடி கொடுத்தார், புரட்டிப் புரட்டிப் போடச் சொன்னார். அந்த ஆளைத் தனியாக எப்படிப் புரட்டுவது? ஒருநாள் புண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ நெளிவதைப் பார்த்தாள். மாட்டுக்குப் புழு வைத்தால் செய்வதுபோலக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து விட்டு, குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு எத்தனை முறை அரப்பு போட்டுக் கழுவினாலும் விரலில் அந்த வாடை போகவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

இதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். தினமும் சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"தம்பி வந்தானா?"

இல்லை என்றால் வாயில் இருந்த கஞ்சியை அவள் மேல் துப்புவார். ரெத்தினம் அந்த ஒன்பது மாதத்தில் இரண்டு முறைதான் வந்தான். இரண்டு முறையும் கொட்டகை வாசலிலேயே நின்று, கரை வேட்டி நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு, நல்லா பாத்துக்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீரையன் குத்தகைக்குச் செய்த நிலம் ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. பண்ணைக்குச் சொந்தமானது. முப்பது வருஷமாக அவர்தான் உழுது வந்தார். குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பண்ணையார் மறித்தும் கேட்காமல் குடவாசலுக்கு நடையாக நடந்து தன் பெயரை ஏற்றியிருந்தார். அதற்கு அடுத்த அறுவடைக்குப் பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. வீரையனோடு சேர்த்துப் பதினோரு பேர் வரப்பில் படுத்து மறித்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. நிலம் கையை விட்டுப் போகவில்லை. அவர் விழுந்த பிறகு அம்சமும் காத்தானும் அதில் இறங்கி உழுதார்கள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ரெத்தினம் மூன்றாம் முறையாக வந்தான். கூடவே பண்ணையின் கணக்கும் வசூலும் பார்க்கும் காரியக்காரர் குஞ்சிதபாதம். அவர் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். கையில் தோல் பை. ரெத்தினம் இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, வாசனை சோப்பு ஒன்றைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, சொம்பில் தண்ணீர் கேட்டான். அம்சம் ஒன்றும் புரியாமல் கொடுத்தாள். கட்டில் ஓரம் குந்தி, அப்பாவின் செத்துப்போன இடது கையை எடுத்து மடியில் வைத்து, சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவினான். துண்டால் ஒத்தித் துடைத்தான். விரல் இடுக்கையெல்லாம் துடைத்தான். வீரையனின் கண்ணில் நீர் வழிந்தது. நல்ல கையால் மகன் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அம்சத்துக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. அதற்குள் ரெத்தினம் அந்தப் பெருவிரலை மட்டும் தனியாக இன்னொரு முறை துடைப்பதைப் பார்த்தாள். காரியக்காரர் வெளியிலிருந்து தோல் பையைத் திறந்து, மை டப்பாவையும் எழுதிய பத்திரத்தையும் நீட்டினார்.

அவள் கேட்டபோது ரெத்தினம் மறைக்கவில்லை. அப்பா குத்தகையை விட்டுக் கொடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறது, பதிலுக்குக் குடவாசல் ரோட்டில் தனக்கு ஒரு மனை தருகிறார்கள், அங்கே வீடு கட்டி அப்பாவை வைத்துக்கொள்வேன் என்றான். அப்பாவுக்கும் சம்மதந்தான் என்றான். அது பொய்யில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே வீரையன் அந்தக் கையை வலது கையால் தூக்கித் தானே நீட்டினார்.

மண்டை உடைந்தும் விடாத நிலம் அது. ஒன்பது மாதம் அவள் அள்ளிப் போட்டாள். ஒரு சோப்புக்கு அவர் கையை நீட்டுகிறார். அம்சத்துக்கு இரண்டு பேரையும் பார்க்கக் குமட்டியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"கூட்டிக்கிட்டுப் போறவன் தெனம் கழுவணும்ல. இன்னும் இன்னைக்குக் கழுவல. நீ ஒரு தடவ கழுவிக் காட்டு. அப்புறம் நானே அந்தக் கையப் புடிச்சு வைக்கிறேன்."

"கைநாட்டு வச்சுட்டு அப்புறம்…"

"கழுவிட்டு வையி, தம்பி."

வெளியே காரியக்காரர், ஏம்மா நேரமாகிறது என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. வீரையன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ரெத்தினம் சட்டைக் கையை மடித்துவிட்டான். அம்சம் அப்பாவைச் சுவர் பக்கமாக ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு துணியை இழுத்தான். அது புண்ணோடு ஒட்டியிருந்தது. பிய்ந்து வந்ததும் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஈக்கள் மொத்தமாக எழுந்து அவன் முகத்தில் மோதின. கையில் வந்த துணியை உதறிவிட்டு வெளியே ஓடினான். வேலியோரம் குனிந்து, வயிற்றிலிருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தான்.

அம்சம் அவன் பின்னால் போனாள்.

"எனக்கும் தெனம் வருது. நான் முழுங்கிக்கிட்டு நிக்கிறேன்."

குஞ்சிதபாதத்தின் வேட்டியில் தெறித்திருந்தது. அவர் முகம் சுளித்து, இன்னொரு நாள் வருகிறேன் என்று பையை மூடிக்கொண்டு வரப்பு வழியாகப் போனார். ரெத்தினம் வாய்க்காலில் வாய் கொப்பளித்துவிட்டு, உள்ளே திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னாலேயே போனான்.

அவள் திரும்பி வந்தபோது வீரையன் வாசலைப் பார்த்து அழுதபடி கிடந்தார். வலது கையால் இடது கையை இழுத்து மார்பின்மேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். அன்றைக்கு அவள் கழுவும்போது திட்டவில்லை. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் தம்பி வந்தானா என்று கேட்கவும் இல்லை. அவர் அழுததில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி ராத்திரி வரை தொண்டையில் கசப்பாக நின்றது.

காரியக்காரர் பத்திரத்தோடு மறுபடி வருவதற்குள், இருபத்து மூன்று நாள் கழித்து, கார்த்திகையில், வீரையன் தூக்கத்திலேயே செத்தார். ரெத்தினம் வந்து உடம்பின் மேல் விழுந்து புரண்டு அழுதான். கொள்ளி வைத்தான். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே பேசியது. அம்சத்துக்கு அழுகை வரவில்லை. கட்டிலையும் சாக்கையும் புடவைகளையும் கொல்லையில் குவித்து எரித்தாள். எரிகிறவரை, அப்பாடா என்ற ஒரே வார்த்தைதான் மனதில் ஓடியது. காத்தான் பக்கத்தில் வந்து நின்று, நான் உனக்கு ஒருநாள்கூடக் கை கொடுக்கவில்லை என்றான். அவள் ஆமாம் என்றாள்.

சம்பா அறுவடை முடிந்து பங்குனியில் குத்தகை யார் பெயருக்கு என்று விசாரணை வந்தது. வெயில் ஏறும் முன்பே கிராமச் சாவடியில் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்தார். பண்ணைத் தரப்பில் குஞ்சிதபாதம் வந்திருந்தார். ரெத்தினமும் தனக்குப் பங்கு கேட்டு வந்திருந்தான். நிலத்தில் இறங்கி வேலை செய்தது யார் என்று அதிகாரி கேட்டார். பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் அம்சத்தையும் காத்தானையும் சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே, பேச்சுவாக்கில், பெரியவரைக் கடைசிவரை யார் பார்த்துக்கொண்டது என்றார்.

"நாங்க எல்லாரும்தாங்க," என்றான் ரெத்தினம்.

நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். அம்சமும் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கட்டிலைப் பற்றி இவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்வதுகூட அவளுக்கு அசிங்கமாக இருந்தது. உழுத வாரிசுக்கே குத்தகை என்று சொல்லிப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, கையெழுத்தா கைநாட்டா என்று அதிகாரி கேட்டார். இரண்டாம் வகுப்பு படித்தவள், கையெழுத்தே போட்டாள். வெளியே வந்து சாவடிச் சுவரோரம் காறித் துப்பிவிட்டு, உளுந்து பறிக்க வயலுக்கு நடந்தாள்.