நடுப்புள்ளியில் பத்து

பதினொரு மணிக்கு வாய்மொழித் தேர்வு. பத்தே முக்காலுக்கு அண்ணன் வாயைத் திறந்தான்.

அவன் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். தங்கை முனைவர் ஆவதைப் பார்க்க ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தான். வீட்டில் அவளுக்குப் 'புள்ளி' என்று பெயர். நாலு வருஷம் புள்ளி புள்ளியாகப் படம் வரைந்தால் வேறென்ன வைப்பார்கள்? கணிதத்தில் லீ குலங்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றதும் சித்தி "யாரு குலம்?" என்று கேட்டதும், ஒவ்வொரு புள்ளிக்கும் 'எடை' என்று பெயர் என்றதும் இவன் தராசு எங்கே என்று தேடியதும் தனிக் கதை.

தேர்வு அறைக்கு வெளியே அவள் சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அறுகோண வலையில் புள்ளிகள். அந்த எடை எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். கீழே தலைப்பு: (2, 1), மொத்தம் 189.

"புள்ளி, கணக்கு உதைக்குதே."

"எதுண்ணா?"

"நடுவுல இருக்கிறதைத் தவிர மத்ததெல்லாம் ஆறாறா, இல்லேன்னா பன்னெண்டா ஒரே மாதிரி சுத்தி வருது. தரையா இருந்தா நடுக்கல்லைக் கழிச்சுட்டு ஆறால வகுத்துருவேன். நூத்தி எண்பத்தொம்பதுல நடுவுல இருக்கிற பத்து போனா நூத்தி எழுபத்தொம்பது. ஆறால போகலையே?"

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. எண்களை மளமளவென்று கூட்டினாள். 286. அது (1, 2)-இன் கணக்கு.

இந்தக் குலத்துக்கு அடிப்படைத் திசைகள் இரண்டு, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை; அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களும் அவற்றுக்குத்தான். சில புத்தகங்கள் குட்டையை முதலில் எழுதும், சில நெட்டையை. நிரூபணத்தையும் படத்தின் தலைப்பையும் ஒரு புத்தகத்தின்படியும் படம் வரையும் நிரலை இன்னொன்றின்படியும் எழுதித் தொலைத்திருக்கிறாள். சோதித்ததோ (1, 1), (2, 2) இரண்டை மட்டும். இரண்டு எண்ணும் சமமாக இருந்தால் எதை முதலில் எழுதினால் என்ன? எல்லாம் சரியாகவே வந்தது.

ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் கண்டுபிடித்திருந்த விதியைப் படங்களும் சொல்லின, நிரூபணமும் சொன்னது. அதுதான் அவளுடைய தைரியம். படங்கள் தலைகீழ் என்றால், அவற்றோடு ஒத்துப்போன நிரூபணமும் பொய்.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். படத்தைக் கழட்டிடட்டுமா? யாரு எண்ணப் போறாங்க?"

அவன் கை ஆணிக்குப் போய்விட்டது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு முழு நிமிஷம் சொல்லவில்லை. நாலு வருஷம் அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"விடுண்ணா" என்றாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முகம் மலர வரவேற்றார். "அஞ்சாம் அத்தியாயத்துல இருந்தே ஆரம்பிங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்."

"அது தப்பு, மேடம்" என்றாள்.

குட்டை, நெட்டை, பத்து, நூற்று எழுபத்தொன்பது என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். தேர்வாளர் ஆய்வேட்டில் அதே படத்தைப் புரட்டி, பென்சிலை எடுத்து ஒவ்வொரு எண்ணாகக் கூட்டினார்.

"மூணு தடவை படிச்சேன்" என்றார் கடைசியில். "ஒரு தடவைகூட எண்ணிப் பாக்கல. அறிக்கையில கையெழுத்துகூடப் போட்டு வெச்சிருந்தேன்." அந்தக் கையெழுத்தின் மேல் கோடு கிழித்தார். "ஆறு மாசம் தர்றேன். அஞ்சாவதைச் சரி பண்ணிட்டு வாங்க."

வெளியே அண்ணன் எழுந்து நின்றான்.

"கிடைச்சுதா?"

"இன்னிக்கு இல்ல."

"என்னாலதானே?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கோபம் வந்தது. ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் இன்று இன்னொரு பொய்க்கு இடம் கொடுக்கவும் தெம்பில்லை.

"ஆமா, உன்னாலதான்" என்றாள். பையிலிருந்து அந்த அத்தியாயத்தின் மீதிப் பதினொரு படங்களையும் எடுத்து அவன் கையில் திணித்தாள். "உக்காரு. இதையும் எண்ணு."